முழு சார்ஜ்

கரண்ட் போனதும் அவுட்ஹவுஸில் ருக்குமணியின் ஆக்சிஜன் மெஷின் நின்றுபோனது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். வாட்ச்மேன் மயில்சாமி மெஷினின் ஒயரை இழுத்துக்கொண்டு போர்டிகோவுக்கு ஓடினார். முதலாளியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அங்கே முழு சார்ஜோடு நின்றது.

“கண்ணு, கொஞ்சம் கரண்ட் குடு. எம்பட ஊட்டுக்காரிக்கு மூச்சு முட்டுது.”

“ஐயா சொல்லோணுங்கண்ணா,” என்றது கார். “அவரு பிளேன்ல தூங்கறாருங்க. வந்ததும் ஊட்டிக்குப் பறக்கோணும்னாரு, சார்ஜ் குறையக்கூடாதுங்க.”

“டேங்க் நெறயாப் பெட்ரோல் இருக்குதே, அதுல போகட்டுமே.”

“ரெண்டும் சேந்தாத்தான் அவரு கேக்கற வேகம் வருமுங்க.”

அவுட்ஹவுஸ் வாசற்படியில் சாய்ந்திருந்த ருக்குமணியின் உதடுகள் நீலம் பாரித்தன.

“தெனமும் உன்னைத் தொடைக்கறது நாந்தான் கண்ணு.”

“தெரியுமுங்கண்ணா,” என்றது கார். “அக்காளுக்கு ஒரு பாட்டுப் போடட்டுங்களா? அதுக்குச் சார்ஜ் அவ்வளவா ஆகாதுங்க.”

மயில்சாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“போடு,” என்றார்.