ஊற்றுத் தண்ணீர்

ஜெர்மனியின் அந்தப் பழைய ஊற்று நகரத்துக்குக் கணவரைக் கூட்டி வந்தது மங்களேஸ்வரிதான். டாக்டர்கள் கைவிரித்த பிறகு, அங்கே நிலத்துக்கடியிலிருந்து சூடாக வரும் தண்ணீர் ஈரலுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பூங்கா பெஞ்சில் தயாபரனை இருத்திவிட்டு, ஊற்று மண்டபத்து வரிசையில் நின்று ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து வந்தாள். அழுகிய முட்டை நாற்றம். "மூக்கைப் பொத்திக்கொண்டு குடியுங்கோ" என்றாள். "நீ போய் அங்கால வாசிக்கிற வாத்தியக்காரரைப் பாத்திட்டு வா. நான் மெல்ல மெல்லக் குடிக்கிறன்" என்றார் அவர். கொஞ்ச தூரம் போனவள், அவருக்குச் சால்வை போர்த்த மறந்தது நினைவு வந்து திரும்பினாள். அவர் சிரமப்பட்டுக் குனிந்து, தண்ணீரை ரோஜாப் பாத்தியில் சத்தமில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் சட்டென்று மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் நிமிர்ந்து, மூச்சு வாங்கி, காய்ந்த உதடுகளைத் துடைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு சரளைக்கல்லில் செருப்பை உரசிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். "முழுக்கக் குடிச்சிட்டியளே?" "ஓம். இப்ப கொஞ்சம் சுகமா இருக்கு, மங்களம்." "அப்ப இன்னொரு கிளாஸ் கொண்டாறன்" என்று வெறும் கிளாஸை வாங்கிக்கொண்டு, அவள் மறுபடி வரிசைக்குப் போனாள்.