மேட்டுக்கு அடியில்

“கயிறு பிடிக்க இந்த மாடத்திதான் கெடைச்சாளா சார் உங்களுக்கு?” என்றார் சுந்தரபாண்டி. நிலத்துக்காரரின் ஆள்.

தொல்லியல் ஆய்வாளர் அஷ்ஃபாக் நிமிர்ந்து பார்த்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பைபாஸ் ரோடு வரப்போகிறது. அடுத்த புஞ்சையில் முதுமக்கள் தாழி ஒன்று கிடைத்ததால், தோண்டாமலே மண்ணுக்கு அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கருவியோடு வந்திருந்தார்.

“ஏன், அந்தம்மாவுக்கு என்ன?”

“இவளுக்கு என்ன? புருசன் முனியராஜ்தான் ஓடிப்போயிட்டான். முன்னால இங்கன பட்டாசுக் கம்பெனி இருந்துச்சு, நான்தான் போர்மேன். கம்பெனி வெடிச்ச அன்னைக்கு அவன் வேலைக்கே வரல. கல்யாணத்துக்கு எடுத்த சைக்கிள்ல எவளையோ பின்னால வச்சு சாத்தூர் ரோட்டுல போனான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். இவ என்னடான்னா, அவனும் வெடியிலதான் செத்தான்னு சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்தா. நஷ்டஈட்டு ஆசை எம்புட்டுன்னு பாத்தீகளா!”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அஷ்ஃபாக்கும் நம்பிவிட்டார்.

கருவிக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது. பெல்ட், சாவிக்கொத்து, செல்போன் எல்லாவற்றையும் ஜீப்பில் போட்டுவிட்டு, “ஊக்கு, கொண்டை ஊசி ஏதும் இருக்காம்மா?” என்று கேட்டார்.

“நான் பட்டாசுக் கம்பெனிக்காரி சார். இரும்பு உரசினா பொறி பறக்கும்னு ஊக்குக் குத்துற பழக்கமே கெடையாது” என்றாள் மாடத்தி.

மாடத்தி பிடித்த கயிறு நெடுக அஷ்ஃபாக் கருவியோடு நடந்தார். மேட்டுப்பக்கம் போனதும் கருவி வீல் வீல் என்று கத்தியது.

“இரும்பு! நெறைய இரும்பு!” அஷ்ஃபாக்குக்குக் கை பரபரத்தது. “தாழியோட வாள் வச்சுப் புதைக்கிறதும் உண்டும்மா.”

சுந்தரபாண்டி குறுக்கே வந்து நின்றார். “அங்கன வேண்டாம் சார். கம்பெனி இடிஞ்ச குப்பையைத் தள்ளி மூடின இடம்.”

“அப்போ பாத்துட்டு நாமளும் மூடிருவோம்.”

மாடத்தி பதமாக மண்ணை வெட்டி அள்ளினாள். முழங்கை ஆழத்தில் துருவேறிய வளையம் ஒன்று எட்டிப் பார்த்தது.

“தேர்ச்சக்கரமோ?” அஷ்ஃபாக் குழிக்குள் குதித்தே விட்டார்.

மெல்லிசுக் கம்பிகள் வந்தன. அப்புறம் நெளிந்துபோன மட்கார்டு.

“ச்சே, சைக்கிள்!” அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மாடத்தி அதை விடவில்லை. முந்தானையால் மட்கார்டை அழுத்தித் துடைத்தாள். மங்கிய மஞ்சள் பெயிண்டில் இரண்டு பெயர்கள்: முனியராஜ் – மாடத்தி.

அஷ்ஃபாக்குக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சுந்தரபாண்டி ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

“அண்ணாச்சி, நில்லுங்க” என்றாள் மாடத்தி. “சாத்தூர் ரோட்டுல போனாருன்னு சொன்னீகளே... இந்தச் சைக்கிள்லதானா?”