நண்டு போட்ட துளை

குறுவை அறுவடை நேரத்தில், செவத்தி என்ற எலி வயல் வரப்புக்குள் மும்முரமாக நெல் சேர்த்தாள். ஓர் அறை நிரம்பியதும் அதன் பின்சுவரைக் குடைந்து அடுத்த அறையைத் தோண்டுவாள். கடைசி அறைக்குப் போக, மற்ற எல்லா அறைகளையும் கடந்தாக வேண்டும்.

அதே வரப்பில் குடியிருந்த நண்டு ஒருநாள் எட்டிப் பார்த்தது. "அக்கா, பக்கவாட்டில ஒரு வழி வைக்கக் கூடாதா?"

"வழியைத் தின்ன முடியுமா தம்பி? நீயும்தான் வரப்பு பூராத் துளை போட்டிருக்கே. ஒண்ணுலயாவது ஒரு நெல்லு இருக்கா?"

நண்டு தன் துளைக்குள் திரும்பிப் போனது.

ஐப்பசி மழையில் இரண்டாவது அறை இடிந்து விழுந்தது. முதல் அறை நெல்லைச் செவத்தியின் குட்டிகள் சீக்கிரமே தின்று தீர்த்தன. செவத்தி சேற்றைத் தள்ளத் தள்ள, மேலிருந்து இன்னும் சரிந்தது. பசியில் குட்டிகள் கத்தின. வேறு வழியில்லாமல் அவள் நண்டிடம் போனாள்.

"சேர்த்த நெல்லெல்லாம் போச்சு தம்பி."

"நெல்லு எங்கேயும் போகலைக்கா. வழிதான் போச்சு. வாங்க."

நண்டின் துளை ஒன்று கடைசி அறையை ஒட்டிப் போனது. கொடுக்கால் நாலு இடி இடித்ததும் சுவர் உடைந்தது. உள்ளே நெல் நனையாமல் கிடந்தது. குட்டிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின.

செவத்தி சாப்பிடவில்லை. ஓரமாக இருந்த நெல்லை ஒதுக்கிவிட்டுப் பக்கச் சுவரைக் குடைய ஆரம்பித்தாள்.

"இதுல என்னம்மா வைக்கப் போறே?" என்றது ஒரு குட்டி.

"ஒண்ணும் வைக்கப் போறதில்லை" என்றாள் செவத்தி.