தண்ணீர் பழகும்வரை

வேலையிலிருந்து திரும்பியதும் நுஹா வாளியில் உப்பைக் கரைத்து, கண்ணாடித் தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மாற்றினாள். மருந்துத் துளி விட்டுச் சோதித்தபோது, சோதனைக் குழாயில் தண்ணீர் இன்றும் ஊதாவாகத்தான் மாறியது. நஞ்சு குறையவில்லை. அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"மீனெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்றார் அப்பா ஷுக்ரி. அக்காபா கடலில் காலமெல்லாம் முக்குளித்தவர். சர்க்கரை நோய் கண்களைப் பறித்த பிறகு, கடல்மீன் வீட்டிலாவது இருக்கட்டும் என்று அடம்பிடித்து வாங்கவைத்த தொட்டி அது.

"நல்லா இருக்கு பாபா. மஞ்சள் மீனு பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு வரமாட்டேங்குது."

அவர் சிரித்துக்கொண்டார். தினமும் அதே கேள்விதான். அவளுக்குத்தான் தினமும் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

மறுவாரம் மீன் கடைக்காரர் அவள் கொண்டுபோன தண்ணீரைச் சோதித்துவிட்டுத் தலையசைத்தார். "நஞ்சு போயி தண்ணி பழகிடுச்சு. இனிமே மீன் விடலாம். வெறும் தொட்டிக்கு இத்தனை நாள் பாடுபட யாருக்குப் பொறுமை வரும்?"

வெறும் தொட்டி என்று அப்பாவிடம் சொல்ல அவளுக்கு மனம் வந்ததே இல்லை.

அன்று மாலை இரண்டு மீன்களை விட்டாள். அவை பாறையைச் சுற்றி வந்தன. அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டதுகூடக் காதில் விழாமல், அவள் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னைக்கு மீன் வாங்கிட்டு வந்துட்டியா?" என்றார் அப்பா.

நுஹா திடுக்கிட்டாள். "எப்படித் தெரியும் பாபா?"

"இத்தனை நாளும் கேட்டதும் கேக்காததுமா மீன் கதை சொல்லுவ. இன்னைக்குத்தான் வாய் பேசாம பார்த்துக்கிட்டிருக்க."