நாக்குக்கு ஒரு நாற்காலி

"அட, கீழ ஏன் உக்கார்றே? நாற்காலியில உக்காரு பச்சமுத்து!"

அப்புசாமிப் பண்ணையார் இப்படிச் சொன்னதும் பச்சமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் தோப்பில் கூலிக்கு மண்வெட்டி பிடிக்கிறவன் அவன். நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

எதிரே சேலத்திலிருந்து வந்த சிநேகிதர்கள் இரண்டு பேர், காலி கிளாஸ்களோடு காத்திருந்தார்கள். நடுவில் சின்னதாக ஒரு மரப் பீப்பாய். ஜில்லாவில் மதுவிலக்கு வந்த பிறகு, பெங்களூரிலிருந்து புளி மூட்டைகளுக்கு அடியில் ஒளிந்து வந்த சரக்கு. அமெரிக்கா விஸ்கியாம், பர்பன் என்று பெயராம், ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்தபடியே வந்ததாம். எல்லாம் தரகன் சொன்னதுதான்.

நேற்று மத்தியானம் முதல் கிளாஸைப் பண்ணையார் தன் கையாலேயே ஊற்றிப் பச்சமுத்துவிடம் தந்தார். சாராயக் கடை இருந்த காலத்தில், வந்து இறங்கும் ஒவ்வொரு பீப்பாயையும் ருசி பார்த்து நல்லது கெட்டது சொன்னவன் அவன். கடையை மூடிய பிறகு அந்த நாக்கை யாரும் சீந்தவில்லை.

"முழுசாக் குடி. நாளைக்கு வந்து சொல்லு. நல்ல சரக்கோட குணம் ஒரு ராத்திரி போனாத்தான் தெரியும்" என்றார் பண்ணையார். "தோப்புக் காவல் வேலை இனி உனக்குத்தான்."

போன பீப்பாய்க்கு ருசி பார்த்தவன் கருப்பண்ணன். காவல் வேலையும் அவனிடம்தான் இருந்தது. அவன் நாக்கின் லட்சணம் பண்ணையாருக்குத் தெரிந்துபோயிற்று என்று பச்சமுத்து நினைத்துக்கொண்டான்.

இன்றைக்கு வரும் வழியில் கருப்பண்ணன், பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தான். பச்சமுத்து சிரித்தான். அவனோ நேருக்கு நேர் பார்த்தும் சிரிக்காமல் போய்விட்டான். வயிற்றெரிச்சல்! வேலை கைமாறினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இப்பச் சொல்லு" என்றார் பண்ணையார்.

பச்சமுத்து கண்ணை மூடிக்கொண்டான். "நாக்குல வெச்சதும் நெருப்புங்க சாமி. ஆனாத் தொண்டைய அறுக்கலீங்க. செத்த நேரம் வாயிலயே வெச்சிருந்தா, வெல்லப் பாகு காயற வாசமுங்க. அப்புறம், கருகுன மரத்து மணம் மூக்குல ஏறுதுங்க. அதுல ரெண்டு சொட்டுத் தண்ணி உட்டீங்கன்னா..."

"அது கெடக்கட்டும். ராத்திரி எப்படித் தூங்குனே?"

"அடிச்சுப் போட்டாப்புலத் தூங்குனனுங்க."

"சரி, அதா அங்க, கெணத்து மேட்டுல கவலை இழுத்துத் தண்ணி எறைக்குதே மாடு, என்ன நெறம்?"

பச்சமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போதை தெளிந்ததா என்று பார்க்கிறார்கள்! இந்த வயசுக்கு மேல் வெயிலில் மண்வெட்டி பிடிக்க வேண்டாம் என்று பெண்டாட்டி அத்தாயியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இதில் கோட்டை விடுவானா?

"ஒண்ணு மயிலைங்க, ஒண்ணு செவலைங்க. செவலைக்கு நெத்தியில வெள்ளைச் சுட்டிங்க."

சிநேகிதர்களில் ஒருவர் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் அவசரமாகக் கிளாஸை நீட்டினார். அந்த இரண்டு சொட்டுத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லி முடிக்கப் பச்சமுத்து வாயெடுத்தான். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

பண்ணையார் பீப்பாயின் குழாயைத் திருகினார்.

"கருப்பண்ணனுக்குப் போனாப்புல இவனுக்குக் கண்ணு போகலீங்க. தைரியமாக் குடிங்க!"