நான்காவது சோதனை

பால் பவுடரில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து விற்ற கம்பெனியை நாய் இன்ஸ்பெக்டர் மூன்று முறை சோதனை போட்டார். மூன்று முறையும் கிடங்கு துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. ஆஸ்பத்திரியிலோ, அந்தப் பாலைக் குடித்த குட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தன.

"நம்ம ஸ்டேஷன்லேருந்துதான் முன்கூட்டியே சேதி போகுது. பூனை ஏட்டம்மா மேலதான்யா எல்லாருக்கும் சந்தேகம்" என்றார் மேலதிகாரி யானை.

"அது என் கூடப்பிறக்காத தங்கச்சி சார்!" என்று வள்ளென்று விழுந்தார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டம்மா மேல் தப்பில்லை என்று நிரூபிக்கவே, நான்காவது சோதனையைப் பற்றி அவரிடம் மட்டும் சொன்னார்.

கதவை உடைத்தால், கிடங்கு முழுக்கச் சுண்ணாம்பு மூட்டைகள்! நரி முதலாளி கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா தங்கச்சி! உன்னைப் போயி சந்தேகப்பட்டாங்களே!"

கையில் விலங்கோடு நின்ற நரி, அவரைத் தாண்டி ஏட்டம்மாவை முறைத்தார்.

"டைரக்டர் பதவி தரமாட்டேன்னு சொன்னதுக்கா இந்தத் தடவை சேதி சொல்லாம விட்டுட்டே?"

ஏட்டம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் வால் மெல்ல நின்றது.

"இன்னொரு விலங்கு எடுத்துட்டு வாங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.