மான் சீசன் மருந்து

“உந்தத் துவக்குக்கு என்ன மருந்து போடலாம், மகன்?”

“கருமருந்து மட்டும்தான், அன்ரி. மற்ற மருந்தைப் போட்டால் குழல் வெடிச்சிடும்.”

அபிஷன் கனடாவில், ஸ்காபரோவில் வேட்டைச் சாமான் விற்கும் கடையில் வேலை செய்தான். சுவரில் மாட்டியிருந்த, வாய்வழியே வெடிமருந்து அடைக்கும் நீளத் துவக்கைக் கோணேஸ்வரி பார்த்தபடி நின்றாள்.

“எங்கட ஊரில உதை இடியன் எண்டு சொல்லுவம். மருந்து வச்சிருந்தால் இஞ்ச பொலிஸ் பிடிக்காதோ?”

“என்னத்துக்கு? லைசென்ஸ் இருந்தால் சரி. மான் சீசனில வெள்ளைக்காரர் டப்பா டப்பாவா வாங்கிக்கொண்டு போவினம்.”

“அப்ப உது வேட்டை மருந்துதானே? குண்டு செய்யிறதுக்கில்லையே?”

அபிஷன் சிரித்தான். “ஒரு மான் விழுந்தாலே பெரிய விஷயம், அன்ரி. ஆர் சுடப்போறது, அங்கிளோ?”

அவள் சிரிக்கவில்லை. கையில் கவிழ்த்துப் பிடித்திருந்த போனைத் திருப்பினாள். திரையில் வீடியோ அழைப்பில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இவர் எங்கட லோயர். இலங்கையில, எங்கட வாகரையில, என்ர அண்ணன்ர வயல்குடிலில பொலிஸ் அரை டப்பா கருமருந்து எடுத்தவங்கள். பன்றி கலைக்க வச்சது. குண்டு செய்யத்தான் எண்டு கேஸ் போட்டு, ரெண்டு வருஷமா விளக்கமறியல் சிறையில கிடக்கிறார்.”

“அன்ரி, நான் இஞ்ச வெறும் சேல்ஸ்...” அபிஷனின் கை தன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை மூடியது.

“தெரியும். கோர்ட்டில உன்ர சொல்லு எடுபடாதெண்டுதான் இவரும் சொல்லுறார்.” அவள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “எண்டாலும், எனக்குச் சொன்னதை உன்ர பேரைச் சொல்லி இவருக்கும் ஒருக்காச் சொல்லு, மகன்.”